கணக்கில் வராத ஜனங்கள்

மலை ரயிலில் குன்னூருக்குப் போகிறவர்கள் தேயிலைச் சரிவுகளைப் பார்த்து, "பச்சைக் கம்பளம்!" என்று வியக்கிறார்கள். அங்கே வெயிலில் கொழுந்து கிள்ளும் பெண்ணை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?

யாரும் கவனிக்காத இத்தகைய ஜனங்களைத்தான் ஒரு நாவல் நம்பியது. பீகாரில் மோதிஹாரியில் 1903-ல் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984', 1949-ல் வெளிவந்தது. அதில் வரும் சர்வாதிகாரக் கட்சி தன் அங்கத்தினரை இரவும் பகலும் வேவு பார்க்கிறது. நூற்றுக்கு 85 பேரான பாட்டாளிகளையோ அது ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. முற்றத்தில் பாடிக்கொண்டே துணி உலர்த்தும் ஒருத்தியைக் கதாநாயகன் வின்ஸ்டன் ஜன்னல் வழியே காண்கிறான். கட்சியைக் கவிழ்க்கும் பலம் இவளைப் போன்றவர்களுக்கே உண்டு என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஆனால் கதை முடியும்வரை அவர்கள் எழவே இல்லை.

வாக்கு இழந்தவர்கள்

அதே 1949-ல் இலங்கைத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தனர். 1964-ம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக, 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் துவங்கிற்று. அவர்களையும் ஊர் மறந்துபோயிற்று.

இந்த மாதிரி ஜனங்கள் எழுவார்களா? தெற்கே மூணாறு மலையில் எழுந்தார்கள். 2015 செப்டம்பரில் போனஸ் குறைந்தபோது, பெரும்பாலும் தமிழரான ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட அவர்கள் அருகில் சேர்க்கவில்லை. 'பெண்களின் ஒற்றுமை' என்று பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' என்பது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர். ஒன்பது நாளில், போனஸும் கருணைத் தொகையுமாக நூற்றுக்கு 20 கிடைத்தது.

வின்ஸ்டன் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. மூணாற்றுப் பெண்கள் யாரும் பார்ப்பதற்காகக் காத்திருக்கவில்லை.