உருகிய உப்பும் டர்பைன் பிளேடும்

கொல்கத்தாவின் டாக்குரியாவில் தெற்கு நோக்கிப் போகும் லோக்கல் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் ஜாதவ்பூர். 1950-ல் தொடங்கப்பட்ட மத்திய கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. கேஸ் டர்பைன் உலோகங்களுக்குக் கண்ணாடிப் பூச்சு போடுவதும் அவர்கள் ஆராய்ந்த விஷயம். காரணம், உப்பு.

சாதாரண அனல்மின் நிலையத்தில் கரிப்புகை டர்பைனைத் தொடுவதே இல்லை. கொதிகலன் குழாய்களோடு அதன் வேலை முடிந்தது. டர்பைனைச் சுழற்றுவது நீராவி. அதே கரியில் கூடுதல் மின்சாரம் எடுக்க, அதை அழுத்தத்தில் எரித்து அந்தப் புகையையே கேஸ் டர்பைனுக்குள் விடும் முறை ஒன்று உண்டு. ஸ்டாக்ஹோமின் வார்ட்டான் நிலையம் 1990-களில் அப்படி ஓடியது. புகையிலுள்ள சாம்பலில் பெரும்பகுதியைச் சைக்ளோன் எனும் சுழல் பிரிப்பான்கள் பிடித்துவிடும். ஆவியாக வரும் சோடியமும் பொட்டாசியமும் நழுவிவிடும்.

அவை கந்தகத்தோடு சேர்ந்து சல்பேட் உப்பாகிப் பிளேடில் படிகின்றன. நிக்கல் சூப்பர் அலாயைக் காப்பது, அதிலுள்ள குரோமியமும் அலுமினியமும் உண்டாக்கும் மெல்லிய ஆக்சைடு தோல். 884 டிகிரி செல்சியஸில் சோடியம் சல்பேட் உருகி அந்தத் தோலைக் கரைக்கும். கந்தகம் உள்ளே புகுந்து குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். புதுத் தோல் வளர்க்க உலோகத்தில் சரக்கு இருக்காது. அப்படிப்பட்ட பிளேடை அறுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், மேலே செதில் செதிலாக உதிரும் ஆக்சைடு. அடியில், நல்ல உலோகத்துக்குள்ளேயே சாம்பல்நிறப் புள்ளிகளாகக் குரோமியம் சல்பைடு.

884-க்குக் கீழே ஓட்டித் தப்பலாமே என்றால், அதுவும் நடக்காது. அலாயிலோ பூச்சிலோ கோபால்ட் இருந்தால் அதுவும் சல்பேட்டாகும். இரண்டும் கலந்த உப்பு 565 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். 700 டிகிரி வாக்கில் பிளேடு குழி குழியாக அரிபடும். 1000-ஐத் தாண்டினாலோ உப்பு படியாமல் ஆவியாகவே போய்விடும். சூட்டைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

நம் நிலக்கரியில் பெரும்பாலும் கந்தகம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் சாம்பல் 40 சதவீதம்கூடப் போகும். திருச்சி பெல் நிறுவனம் 6.2 மெகாவாட் சோதனை நிலையத்தில் கரியை முதலில் வாயுவாக்கி, சுத்தம் செய்து, பிறகே டர்பைனுக்கு அனுப்பியது. செலவு கூடும்தான், ஆனாலும் நம் கரிக்கு அதுவே புத்திசாலித்தனம் என்பேன்.

ஜாதவ்பூரில் ஆராய்ந்த கண்ணாடிப் பூச்சின் சூத்திரம் பழைய எனாமல் பாத்திரத்துடையதுதான்: நுண்துளை இல்லாத படலம் இருந்தால் உப்பு உலோகத்தைத் தொடாது. சிக்கல் விரிவடைவதில் இருக்கிறது. சூட்டில் சூப்பர் அலாய் விரியும் அளவுக்குச் சாதாரணக் கண்ணாடி விரியாது. அதனால் சுடும்போதே ஒரு பகுதி படிகமாக மாறும் கண்ணாடிகளைத் தேடினார்கள். டர்பைனை அடிக்கடி நிறுத்தி ஓட்டும்போது அந்தப் பூச்சில் விழும் விரிசல்தான் உப்புக்குக் கிடைக்கும் அடுத்த வாசல்.