தேநீர்க் கெண்டியின் மூக்கு ஏன் ஒழுகுகிறது?

1924இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் மரியானே பிராண்ட் வடிவமைத்த சிறிய தேநீர்க் கெண்டி, அரைக்கோள உடலோடு சிற்பம்போல் தோன்றினாலும், வெப்பத்தை எளிதில் கடத்தாத கருங்காலி மரக் கைப்பிடி முதல் உள்ளமைந்த வடிகட்டி வரை பயன் கருதியே ஆக்கப்பட்டது. ஆனால், எவ்வளவு பயன் கருதி ஆக்கினாலும், கெண்டிகளுக்கு உண்மையான சோதனை மூக்கில்தான் இருக்கிறது. மெதுவாகச் சாய்க்கும்போது தேநீர் மூக்கின் உதட்டை விட்டு விலகாமல், வளைந்து அடிப்புறமாக வழிந்து மேசைவிரிப்பை நனைப்பதைத் 'தேநீர்க் கெண்டி விளைவு' என்பர். உதட்டை ஒட்டி வளைந்தோடும் நீரின் அழுத்தம் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைவிடக் குறைவதால், காற்றே நீரை மூக்கோடு சேர்த்துத் தள்ளுகிறது என்று 1957இல் கணிதவியலாளர் ஜோசப் கெல்லர் விளக்கினார். நீர் பரப்பை நனைத்து ஒட்டிக்கொள்ளும் இயல்பான 'ஈரமாதலுக்கும்' இதில் பெரும் பங்குண்டு எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆகவே, உதடு மெலிந்து கூர்மையாக இருந்தால் நீர் எளிதில் அறுபடும். தடித்து உருண்ட பீங்கான் உதடு, எத்துணை எழிலுடையதாயினும், ஒழுகவே செய்யும்.