தீ வைத்த கையும் திரிந்த மனமும்

கோடை தொடங்கும் முன் நீங்கள் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறியிருந்தால், சரிவுகளில் புல் காய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தீக்குச்சி போதும். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் ஒருவர் தீ வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பலர் பார்த்தார்கள், அவரும் மறுக்கவில்லை. எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் மூன்றும் சேர்ந்தன, எரிந்தது. இயற்பியலுக்கு வேலை இத்துடன் முடிந்தது. சேலம் நீதிமன்றத்துக்கோ அப்போதுதான் தொடங்கும். அந்த நேரத்தில் அவருடைய மனம் எந்த நிலையில் இருந்தது என்று சட்டம் கேட்கும்.

ஏற்காட்டுத் தீ நம் கற்பனை. ஆனால் 1965 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தில் உண்மையாகவே ஒருவர் பிறருடைய நிலத்துப் புல்லுக்குத் தீ வைத்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், நான்தான் எரித்தேன், செய்வதைச் செய்யுங்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். கீழ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உயர் நீதிமன்றம் குற்றவாளி என்றது. 1970-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. காரணம், அவர் முன்பே தம் துணிக்கும் வீட்டுக்குமே தீ வைத்தவர் என்று சாட்சியம் இருந்தது. உளநோய் உண்டு என்று மருத்துவ அறிக்கையும் இருந்தது.

இதற்கு இடம் தந்தது 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவாக இருக்கிறது. செயலைச் செய்யும் நேரத்தில், சித்தம் கலங்கியதால், தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தவர் செய்தது குற்றமாகாது. இதன் வேர் லண்டனில். 1843-இல் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற மக்நாட்டன் விடுவிக்கப்பட்டபோது பெருங் கூச்சல் எழுந்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் விளக்கம் கேட்டது. அவர்கள் தந்த விடைதான் நம் சட்டத்திலும் ஒலிக்கிறது.

‘செய்யும் நேரத்தில்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். நோய் இருப்பது மட்டும் போதாது. மருத்துவர் சொல்லும் உளநோய் வேறு, சட்டம் கேட்கும் அறியாமை வேறு. (கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரை வசைச் சொல்லாக்கும் நண்பர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம்: உளநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்வதில்லை.)

ஆனால் கடந்துபோன ஒரு நொடியின் மனநிலையை அளக்க எந்தக் கருவி உண்டு? ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீட்டைத் தவறவிட்டால் என்ன செய்வீர்கள்? முன்னும் பின்னும் எடுத்த புள்ளிகளை வரைபடத்தில் இணைத்து, இடையில் உள்ளதைக் கணிப்பீர்கள். நீதிமன்றமும் அதைத்தான் செய்கிறது. செயலுக்கு முன், செயலின்போது, செயலுக்குப் பின் நடந்தவற்றைக் கொண்டே அந்நிலையைத் தீர்மானிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1964-இல் ஒரு கொலை வழக்கில் சொன்னது. ஆயுதத்தை மறைத்தாரா? ஓடினாரா? ஓடி ஒளிந்தவருக்குத் தாம் செய்தது தவறென்று தெரிந்திருக்கும் என்று நீதிமன்றம் எண்ணக்கூடும். எனக்கு இதில் சிறு தயக்கம் உண்டு: அச்சத்தால் ஓடுவதும் நோயின் பகுதியாகலாம், புள்ளிகள் குறைந்தால் கோடும் பிசகும்.

மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர்மேல்தான். எனினும் அரசுத் தரப்பு போல ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டியதில்லை; ‘அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று காட்டினால் போதும்.

விடுதலை பெற்றவர் உடனே வீட்டுக்குப் போய்விடுவார் என்று எண்ணாதீர்கள். நீதிமன்றம் அவரைப் பாதுகாப்பான காவலில் வைக்க உத்தரவிடலாம். அல்லது பிறருக்கோ தமக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வதாகப் பிணை தரும் உறவினரிடம் ஒப்படைக்கலாம். காவலில் இருப்பவர், வெளியே விட்டால் ஆபத்தில்லை என்று உரியவர்கள் சான்று தரும்வரை காத்திருக்க வேண்டும். அது எந்த மாதம், எந்த ஆண்டு என்று தீர்ப்பில் எழுதியிருக்காது.