யார் பேசுவது, எங்கே நிற்கிறீர்கள்?

ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில். போன வருடத் தீமிதியன்று நான்தான் அங்கே அறிவிப்பாளர். மாலை ஐந்து மணிக்கு ஒரு தாய் மேடைக்கு ஓடி வந்தார். ஐந்து வயது மகனைக் காணோம். பெயரை ஒலிபெருக்கியில் சொன்னேன். உறுமி மேளத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

பையன் அப்போதே முதலுதவிக் கூடாரத்தில் மைலோ குடித்துக் கொண்டிருந்தான். அங்கிருந்த தொண்டூழியர் வாக்கிடாக்கியில் மூன்று முறை சொல்லியிருக்கிறார். ஆனால் எல்லாருக்கும் ஒரே சேனல். "சாம்பார் தீர்ந்து போச்சு", "லோரியை நகர்த்துங்க" என்ற பேச்சுகளுக்கு நடுவே அந்தச் செய்தி அமுங்கிப் போனது. இருபது நிமிடம் அந்தத் தாய் அழுத அழுகையை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்த வருடம் கோயிலுக்கு 26 டிஜிட்டல் கருவிகளும் ஒரு ரிப்பீட்டரும் வாடகைக்கு வந்தன. இளைஞர்கள் உடனே பொத்தானை அழுத்திப் பார்க்கத் துடித்தார்கள். தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற ஐயா தடுத்தார்.

"தம்பி, முதல்ல செக்ரோல் எழுதுங்க. பெரட்டுல நிக்கிறது யாரு, எந்த மண்டோர் கீழ, எந்த நிரைன்னு தெரியாம வேலைக்கு அனுப்புவோமா?"

டிஜிட்டல் வானொலிக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆளுக்கு எண், அதுதான் ஐடி. மண்டோரின் கூட்டம், அதுதான் குழு. வேலை செய்யும் நிரை, அதுதான் சேனல்.

டி.எம்.ஆர். என்பது 2005இல் ஐரோப்பாவில் வெளியான தர நிர்ணயம். 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை 30 மில்லிவினாடித் துண்டுகளாக்கி, மாற்றி மாற்றி இரண்டு உரையாடல்களுக்குக் கொடுக்கிறது. அந்த இரண்டு பாதைகளுக்கும் ஸ்லாட் என்று பெயர். ஒரே ரிப்பீட்டரில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் தனித்தனியாகப் பேசலாம்.

தாளில் நாங்கள் எழுதியது இதுதான். வாகன நிறுத்தம் குழு 10, அன்னதானம் 20, பூக்குழிக் காவல் 30. இம்மூன்றும் ஸ்லாட் 1. முதலுதவியும் காணாமல் போனவர்களும் குழு 40. அதற்கு மட்டும் ஸ்லாட் 2. சாம்பார்ப் பேச்சு இனி அந்தப் பக்கம் போகாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்லாட் 1இல் நிற்கும் கருவிக்கு ஸ்லாட் 2இல் பேசுவது கேட்காது. அதனால் கட்டுப்பாட்டு மேசையில் ஸ்லாட்டுக்கு ஒன்றாக இரண்டு கருவிகள் வைத்தோம். குழு 40இல் வரும் செய்தியை மேசையில் இருப்பவர் குழு 99 வழியாக மற்றவர்களுக்குச் சொல்வார். அந்த 99ஐ எல்லாக் கருவிகளின் கேட்கும் பட்டியலிலும் சேர்த்தோம். சேர்க்க மறந்தால் கருவி ஊமையாகவே இருக்கும்.

அடுத்தது ஐடி. 1 முதல் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் எண்கள் உண்டு என்பதால் கஞ்சத்தனம் வேண்டாம். வாகனம் 101 முதல், அன்னதானம் 201 முதல், காவல் 301 முதல், முதலுதவி 401 முதல், மேசைக்கு 901, 902. நடுவே இடைவெளி விட்டால் அடுத்த வருடம் ஆள் கூடினாலும் கணக்கு குலையாது. ஒரே எண்ணை இருவருக்குக் கொடுத்தால், அவசரப் பொத்தானை அழுத்தியவர் யார் என்றே தெரியாது. திரையில் ஆள் பெயருக்குப் பதில் "பூக்குழி 2" என்று பொறுப்பைப் போட்டோம். ஆள் மாறுவார், பொறுப்பு மாறாது.

அலைவரிசையை நம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. ரிப்பீட்டர் வைத்துப் பேச, தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.யின் ஒதுக்கீடு வேண்டும். வாடகைக்குத் தருபவரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். செம்பனை ஓலை, அதுவும் மழையில் நனைந்த ஓலை, சிக்னலைக் குடித்துவிடும். ஆகவே முதல் நாளே நடந்து பார்த்தோம். கோயில் குளத்துக்குப் பின்னால் ஓரிடத்தில் குரல் அறுந்தது. ரிப்பீட்டர் ஆன்டெனாவை உயர்த்தியதும் சரியானது.

தீமிதியன்று மேசைத் திரையில் "பூக்குழி 2" என்று சிவப்பில் மின்னியது. விரதம் இருந்த பாட்டி ஒருவர் மயங்கி விழுந்திருந்தார். யார், எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பூக்குழியின் இரண்டாவது காவல் இடத்துக்கு முதலுதவிக்காரர்கள் நேராக ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் பாட்டி எழுந்து உட்கார்ந்து, அக்கினிச் சட்டி வந்துவிட்டதா என்று விசாரித்தார்.

தோட்டத்தை விட்டு ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகள் திருவிழாவுக்குத் திரும்புகிறார்கள். பாதி முகங்கள் ஒன்றுக்கொன்று புதிது. உங்கள் கோயிலிலோ தொழிற்சாலையிலோ இப்படிக் கருவி வந்தால், பொத்தானைத் தொடுமுன் ஒரு தாளை எடுங்கள். கிராணி ஐயா சொன்ன செக்ரோலை முதலில் எழுதுங்கள்.