தங்கம் எடுத்த ஊரும் என் மூன்று ஏக்கரும்

போன வைகாசியில் காளவாசல் தரகர் ஒருவர் என் தோட்டத்துக்கு வந்தார். "அண்ணாச்சி, மேல்மண் மூணடி மட்டும் எடுத்துக்கிடுறோம். நிலம் எங்கயும் போயிராது, உங்க நிலம்தான்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே எனக்கு இருப்பது மூன்று ஏக்கர். மகள் கல்யாணக் கடன் வட்டியோடு ஏறிக்கொண்டிருந்தது. "மகன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். அவன் நண்பனுக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் போனோம். வழியெல்லாம் ராகிக் கொல்லை, தக்காளித் தோட்டம். ராபர்ட்சன்பேட்டை நகராட்சிக்குள் நுழைந்தால் தெருவெல்லாம் தமிழ்ப் பேச்சு. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கமிருந்து பிழைப்புக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. ஏறத்தாழ 800 டன் தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சுமார் 3 கிராம்தான். 2001 பிப்ரவரி 28-இல் மூடிவிட்டார்கள்.

மிஞ்சியது சயனைடு மேடு. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துவிட்டு, கழிவைக் கொட்டிய குன்றுகள். பார்க்க மண் மாதிரித்தான் இருக்கிறது. குனிந்து அள்ளப் போனேன். நண்பனின் அப்பா கையைப் பிடித்துவிட்டார். "வேணாம் தம்பி. காத்தடிச்சா இந்தத் தூள் வீட்டுக்குள்ளயே வரும். சோத்துப் பானைய மூடித்தான் வைப்போம்." சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அவர். கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "எங்க தாத்தாவுக்கு ஒரு ஏக்கர் இருந்திருந்தா இந்தக் குழியில எறங்கியிருக்க மாட்டாரு."

ரயிலில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கரில் ஒரு அங்குல மண் சுமார் 140 டன். மூன்றடி என்றால் 5,000 டன். ஒரு அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். மட்கும் மண்புழுவும் நுண்ணுயிரும் பெரும்பாலும் இருப்பது அந்த மேலடியில்தான். அதை லாரியில் ஏற்றிவிட்டால் என்னிடம் மிஞ்சுவது பட்டாவும் பள்ளமும்.

எங்கள் வடக்குப் பக்கத்து வயலில் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். மழை பெய்தால் குளமாக நிற்கிறது. வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கிறது. வரப்பு ஓரமாக என் மண்ணும் அதற்குள் சரிகிறது.

தரகரிடம் "இல்லப்பா" என்று சொல்லிவிட்டேன். ஒரு எருமையை விற்று வட்டியைக் கட்டினேன். கடனில் பாதி இன்னும் நிற்கிறது. நாட்டு மாடு இரண்டையும் விற்கவில்லை.

ஆடியில் பலதானியம் விதைத்தேன். நாலு சிறுதானியம், நாலு பயறு, நாலு எண்ணெய் வித்து, நாலு பசுந்தாள், நாலு வாசனைப் பயிர், ஏக்கருக்கு 20 கிலோ. பூவெடுக்கும் நேரத்தில், 50 நாள் வாக்கில் மடக்கி உழுதேன். இப்போது மண்வெட்டி போட்டால் புழு தட்டுப்படுகிறது.

உங்களிடமும் யாராவது மண் கேட்டு வருவார்கள். பதில் சொல்லுமுன், ஏற்கெனவே மண் கொடுத்த வயலில் ஒரு மழைக்கு அப்புறம் போய் நின்று பாருங்கள். மேடு பள்ளம் சரிசெய்வதாக இருந்தால்கூட மேல்மண்ணை முதலில் ஒதுக்கி வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப மேலேயே பரப்புங்கள்.