தோட்டா மீள்நிரப்பலில் துல்லியமும் திசைவேகமும்

தோட்டா மீள்நிரப்பல் என்பது தொழிற்சாலைத் தோட்டாக்களை வாங்குவதற்கு மாற்றாக, பித்தளை உறை, எரியூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கு உறுப்புகளையும் தனித்தனியே பெற்று, சுடுபவரே ஒன்றுசேர்த்துத் தோட்டா ஆக்கும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்களிடமும் வேட்டையாளர்களிடமும் இது பரவலாக உள்ளது. மருந்தின் அளவைச் சுடுபவரே முடிவு செய்வதால், குண்டின் திசைவேகத்துக்கு முதன்மை அளிப்பதா, துல்லியத்துக்கு முதன்மை அளிப்பதா என்ற கேள்வி இதில் எழுகிறது.

வரலாறு

குண்டின் திசைவேகத்தை அளக்கும் முறையை ஆங்கிலேய அறிவியலாளர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742 ஆம் ஆண்டில் வெளியிட்டார். தொங்கும் மரக்கட்டையில் குண்டைச் செலுத்தி, கட்டை எவ்வளவு ஊசலாடுகிறது என்பதிலிருந்து அவர் திசைவேகத்தைக் கணக்கிட்டார். 1884 இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியெய் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கிய பின்னர், கருமருந்தால் எட்ட இயலாத திசைவேகங்கள் கிட்டின. தற்காலத்தில் ஒளி உணரிகள் அல்லது ராடார் கொண்ட திசைவேகமானிகள் பயன்படுகின்றன.

திசைவேகத்தின் பயன்கள்

விரைவாகச் செல்லும் குண்டு இலக்கை அடையக் குறைந்த நேரமே எடுத்துக்கொள்கிறது. ஆகவே புவியீர்ப்பால் அது கீழிறங்கும் அளவு குறைகிறது. இலக்கின் தொலைவைத் தவறாக மதிப்பிட்டாலும் பிழை சிறிதாகவே இருக்கும். ஒரே வகைக் குண்டாயின், பக்கக்காற்றால் ஏற்படும் விலகலும் பொதுவாகக் குறையும். நெடுந்தொலைவுச் சுடுதலில், குண்டு இலக்கை அடையும் வரை ஒலியின் வேகத்துக்கு (நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்) மேல் செல்வது விரும்பத்தக்கது. ஒலியின் வேகத்தை ஒட்டிய பகுதியைக் கடக்கும்போது சில குண்டுகள் நிலைப்பாட்டை இழக்கக்கூடும்.

சீர்மையும் துல்லியமும்

குண்டு எவ்வளவு கீழிறங்கும் என்பது முன்கூட்டியே தெரிந்தால், குறிநோக்கியைச் சரிசெய்து அதனை ஈடுசெய்யலாம். ஆனால் ஒவ்வொரு குண்டும் வெவ்வேறு திசைவேகத்தில் சென்றால் அதனை ஈடுசெய்ய வழியில்லை. எனவே துல்லியத்துக்கு அடிப்படையாக அமைவது மிகுந்த திசைவேகத்தைக் காட்டிலும் மாறாத திசைவேகமே ஆகும்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். காற்றின் தடையைக் கருதாமல், இலக்கு 900 மீட்டர் தொலைவில் உள்ளதாகக் கொள்வோம்.

- முதல் வகைத் தோட்டாக்களின் குண்டுகள் நொடிக்கு 880 முதல் 920 மீட்டர் வரை மாறுபட்ட திசைவேகங்களில் செல்கின்றன. இவற்றுள் மிக மெதுவான குண்டுக்கும் மிக விரைவான குண்டுக்கும் இடையே இலக்கில் ஏறத்தாழ 44 செ.மீ. உயர வேறுபாடு ஏற்படும்.
- இரண்டாம் வகைத் தோட்டாக்களின் குண்டுகள் நொடிக்கு 795 முதல் 805 மீட்டர் வரை மட்டுமே மாறுபடுகின்றன. இவற்றின் உயர வேறுபாடு ஏறத்தாழ 15.5 செ.மீ. மட்டுமே.

இரண்டாம் வகை நொடிக்கு சராசரியாக 100 மீட்டர் மெதுவானது. எனினும் அதன் சிதறல் முதல் வகையினதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. உண்மையில் காற்றின் தடையால் இந்த அளவுகள் மாறும். ஆயினும் சீர்மையே சிதறலைக் குறைக்கிறது என்னும் அடிப்படை மாறாது. திசைவேகத்தைத் தவிர, குண்டின் சமச்சீர்மை, குழலின் அதிர்வு, குழலின் உட்புரிகள் குண்டுக்குத் தரும் சுழற்சி ஆகியனவும் துல்லியத்தைப் பாதிக்கின்றன.

அழுத்தமும் பாதுகாப்பும்

மருந்தின் அளவைக் கூட்டும்போது திசைவேகம் சிறிதளவே உயர்கிறது. குழலினுள் உள்ள அழுத்தமோ அதைவிட மிகுந்த விகிதத்தில் உயர்கிறது. எடுத்துக்காட்டாக, 1952 இல் அறிமுகமான .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்க உற்பத்தியாளர் தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு ஆகும். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 4,200 மடங்குக்கும் மேல். இவ்வரம்பை மீறினால் உறை பிளக்கலாம். துப்பாக்கி சிதறிச் சுடுபவர் உயிரிழக்கவும் நேரலாம்.

இதனால், மீள்நிரப்புவோர் வெளியிடப்பட்ட கையேடுகளில் உள்ள தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாகவே உயர்த்திச் செல்கின்றனர். எரியூட்டி தட்டையாதல், சுட்டபின் தாழ்ப்பாளைத் திறப்பது கடினமாதல் ஆகியன மிகை அழுத்தத்தின் அறிகுறிகளாகும். ஆனால் இவை தோன்றாதிருப்பது பாதுகாப்புக்கு உறுதியன்று. ஒவ்வொரு படியிலும் திசைவேகமும் இலக்கில் விழுந்த துளைகளின் நெருக்கமும் குறித்துவைக்கப்படுகின்றன. மிக நெருக்கமான துளைகளைத் தரும் அளவு, பல துப்பாக்கிகளில் உச்ச அளவுக்குச் சற்றுக் கீழேயே அமைகிறது.

எடுத்துக்காட்டுகள்

1935 இல் வெளிவந்த .220 சுவிஃப்ட் தோட்டாவின் இலேசான குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,250 மீட்டர் திசைவேகத்தை எட்டியது. அது தட்டையான பறப்புப் பாதைக்குப் புகழ்பெற்றது. அதே வேளையில் குழலை விரைவில் அரிக்கிறது என்ற குறைக்கும் ஆளானது. 1975 இல் லூயிஸ் பால்மிசானோ, ஃபெர்ரிஸ் பிண்டெல் ஆகியோர் உருவாக்கிய 6 மி.மீ. பிபிசி அதைவிட மெதுவானது. ஆயினும், மேசைமீது துப்பாக்கியைத் தாங்கி வைத்துச் சுடும் குறுந்தொலைவுத் துல்லியப் போட்டிகளில் பல ஆண்டுகளாக முதலிடம் வகித்தது அதுவே.