தோண்டக் காசு இருந்தால் மட்டும் போதுமா?

வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிப் பக்கம் மலையேறினால், காப்பித் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் இடையே அங்கங்கே கல்திட்டைகளைப் பார்க்கலாம். சுற்றிலும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். உள்ளே எப்போதோ இறந்தவர்களின் நினைவு. பழனி மலையின் இந்தக் கல்திட்டைகளைப் பற்றிச் செண்பகனூர் யேசு சபைப் பாதிரியார் ஆங்லேட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறைதான் வெளியிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் பழனியை அடுத்த பொருந்தலில் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் தோண்டியது பேராசிரியர் கா. ராஜன் தலைமையிலான புதுச்சேரிப் பல்கலைக்கழகக் குழு. ஈமச்சின்னம் ஒன்றில் ஜாடியோடு கிடைத்த நெல்லுக்கு அமெரிக்க ஆய்வகம் சொன்ன காலம் கி.மு. 490. அதுவும் மத்தியப் பல்கலைக்கழகம்தான். டெல்லி இந்த மண்ணுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று யாராவது மேடையில் முழங்கினால் நம்ப வேண்டாம்.

டெல்லி பாதியில் கையை விலக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

அதற்கான விடை வைகைக் கரையில் இருக்கிறது. வத்தலக்குண்டைத் தொட்டு ஓடும் மஞ்சளாறு போய்ச் சேரும் அதே வைகை. 2013-14-இல் மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா குழு, தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஆற்றின் இரு கரையையும் அலசி 293 இடங்களைக் குறித்தது. திண்டுக்கல் மாவட்டமும் அதில் அடக்கம். அவற்றில் ஒன்றான கீழடியில் இரண்டு பருவம் தோண்டினார்கள். செங்கல் கட்டுமானங்கள் வெளிவந்தன. 2017-இல் அமர்நாத் அசாமுக்கு மாற்றப்பட்டார். மூன்றாம் கட்டத்தை நடத்திய அதிகாரி, கட்டுமானத்தின் தொடர்ச்சி எதுவும் தென்படவில்லை என்றார். மத்தியத் துறை அத்தோடு நிறுத்திக்கொண்டது.

2018-இல் நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை வேலையைக் கையில் எடுத்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று 2019 செப்டம்பரில் அறிக்கை வந்தது. மாநில அரசு தன் காசைப் போட்டிருக்காவிட்டால் அந்தக் கரி இன்னும் தென்னந்தோப்புக்கு அடியில்தான் கிடந்திருக்கும். 2021-22 திருத்திய பட்ஜெட்டில் அகழாய்வுக்கு 5 கோடி ரூபாய், 2025-26-இல் 7 கோடி. ஒரு மேம்பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால் இது தூசு.

ஆனால் பணம் பாதி வழிதான் கொண்டுபோகும். தொல்லியல் இடங்கள் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் வருகின்றன. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, மாநில அரசே தன் பணத்தில் தோண்டினாலும் மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். கஜானா சென்னையில் இருந்தாலும் உரிமத்தில் கையெழுத்துப் போடும் பேனா டெல்லியில் இருக்கிறது. அடுத்த கண்டம் அறிக்கை. தோண்டியதை எழுதி வெளியிடாவிட்டால் அது ஆராய்ச்சி ஆகாது, வெறும் குழி. முதல் இரண்டு கட்டங்களைப் பற்றிய 982 பக்க அறிக்கையை அமர்நாத் 2023 ஜனவரியில் கொடுத்தார். மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கு நடந்து, ஒன்பது மாதத்தில் வெளியிடுவோம் என்று 2024 பிப்ரவரியில் மத்தியத் துறை சொன்னது. 2025 மே மாதம் திருத்தம் கேட்டு அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. அவர் திருத்த மறுத்துவிட்டார். இந்த இழுபறியை மாநிலத்தின் எத்தனை கோடியும் தீர்க்காது.

மாநிலப் பணத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு, அதை நாம் பேசுவதில்லை. பெருமைக்காகக் கொடுக்கப்படும் காசு, பெருமையான முடிவைத்தான் எதிர்பார்க்கும். மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியது அதனால்தான் சரியான முடிவு. மாநில அறிக்கைகளையும் மாற்றுக் கருத்துள்ள அறிஞர்கள் கிழித்துப் பார்க்க வேண்டும். இன்னொரு குறை: இந்த ஒதுக்கீடு ஆண்டுதோறும் நிதியமைச்சர் வாசிக்கும் ஒரு வரி, அடுத்த ஆட்சி அதை வாசிக்காமலும் போகலாம். கருமூல உயிரணு ஆராய்ச்சிக்கான மத்திய நிதியை அமெரிக்க அதிபர் புஷ் 2001-இல் கட்டுப்படுத்தியபோது, கலிபோர்னியா மக்கள் 2004-இல் வாக்களித்து 300 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்து, அதற்கென்றே ஒரு நிறுவனத்தையும் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். நாம் கேட்க வேண்டியதும் அப்படி ஒரு நிலையான ஏற்பாட்டைத்தான்.

சரி, மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர் என்ன செய்யலாம்? முதலில், பொக்கிஷம் இருக்கும் என்று கல்திட்டையைப் புரட்ட வேண்டாம். மண்ணில் பழங்காசோ நகையோ கிடைத்தால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எதையும் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், சிறையும் உண்டு. தெரிவித்தால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. அரசே எடுத்துக்கொள்வதானால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும்.

நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கீழடியில் தோப்புக்காரர்கள் சம்மதித்த நிலங்களில்தான் குழி போட்டார்கள், பல குழிகளை வேலை முடிந்ததும் மூடியும் கொடுத்தார்கள். உங்கள் ஊரில் யாராவது குழி போட வந்தால், உரிமத்தின் நகலையும் குழியை மூடித் தருவதற்கான உறுதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மலைக் கிராமங்களில் கிராம சபை உண்டு. கல்திட்டைகளை 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கக் கோரி அதில் தீர்மானம் போடலாம். வத்தலக்குண்டு பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. மன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்க வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டம் எல்லோருக்கும் பொது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மாநிலத் துறைக்கு ஒரு மனு: திண்டுக்கல் மாவட்டத்தில் எந்தெந்த இடத்துக்கு அகழாய்வு உரிமம் கேட்டீர்கள், எந்தத் தேதியில், எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது? மத்தியத் துறைக்கு இன்னொரு மனு: அந்த விண்ணப்பம் இப்போது யார் மேசையில் இருக்கிறது?